பேச்சுக்கு எதற்கு எக்கோ?

எங்கள் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஒருவருக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் பதிவு செய்த பாட்டைக் கேட்கும்போதெல்லாம் ஒரு குறை சொல்லாமல் இருக்கமாட்டார். "எக்கோ போட்ட குரல் சார் இது. அதை எடுத்துவிட்டால் பாதிப் பேர் பாடகரே இல்லை. சுத்த ஏமாற்று வேலை!"

மாணவ நண்பர்களே, உங்களில் பலருக்கும் இந்த எண்ணம் இருக்கலாம். பதிவு செய்த இசையில் செயற்கையாக எதிர்முழக்கம் சேர்ப்பது ஏமாற்று அன்று என்பது என் கட்சி. ஆனால் அதே வசதியை நம் பள்ளி விழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் பேசுகிறவரின் மைக்கிலும் சேர்த்துவிடுகிறார்களே, அது பெருந்தவறு என்பதும் என் கட்சிதான். இரண்டுக்கும் காரணம் ஒரே இயற்பியல். அதனால் சற்றுப் பொறுமையோடு தொடக்கத்திலிருந்து வாருங்கள்.

புதிதாகக் கட்டி முடித்து, இன்னும் குடி போகாத வீட்டுக்குள் நுழைந்து பேசிப் பார்த்திருக்கிறீர்களா? குரல் 'கணீர்' என்று முழங்கும். கட்டில், மெத்தை, துணிமணி எல்லாம் வந்து சேர்ந்த மறுநாள் அதே அறையில் பேசினால் முழக்கம் காணாமல் போயிருக்கும். சுவரும் கூரையும் மாறவில்லை. ஒலியைத் திருப்பி அனுப்பும் பரப்பில் ஒரு பகுதியை, ஒலியை விழுங்கும் பொருள்கள் மறைத்துக்கொண்டன. அவ்வளவே.

தொலைவிலுள்ள பாறையில் பட்டு ஒரே ஒரு முறை தனியாகத் திரும்பி வருவது எதிரொலி. பத்தில் ஒரு விநாடியாவது தாமதம் வேண்டும், எனவே பாறை குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று உங்கள் பாடநூலில் இருக்கும். அறைக்குள் நடப்பது வேறு. ஒலி இந்தச் சுவரில் பட்டு, அந்தச் சுவரில் பட்டு, கூரையில் பட்டு, தரையில் பட்டு, ஒவ்வொரு முறையும் சிறிது வலிமை இழந்து, நூற்றுக்கணக்கான பிரதிகளாக நம் காதுக்கு வருகிறது. அவை ஒன்றோடொன்று மிக நெருக்கமாக வருவதால் காதால் பிரித்து எண்ண முடிவதில்லை. மூல ஒலி நின்ற பிறகும் நீண்டு, மெல்லத் தேயும் ஒரே வாலாகக் கேட்கிறது. இதுதான் எதிர்முழக்கம். மைக்செட்காரர்கள் இரண்டையும் சேர்த்து 'எக்கோ' என்று சொல்லிவிடுகிறார்கள். நாமும் பேச்சு வழக்கில் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இந்த வாலின் நீளத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895 இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகத் திறந்த விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. ஏதாவது செய்யும்படி சபைனிடம் ஒப்படைத்தார்கள். அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. கையில் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழாய், ஒரு நிறுத்தக் கடிகாரம், தம்முடைய இரண்டு காதுகள். ஊர் அடங்கிய இரவில் வேலை நடக்கும். பக்கத்து சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வருவார், மண்டபத்தில் அடுக்குவார், குழாயை ஒலித்து நிறுத்துவார், ஒலி முற்றும் தேயும்வரை கடிகாரத்தைப் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வெறும் மண்டபத்தில் வால் ஐந்தரை விநாடி நீண்டது. ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லி முடித்து, அடுத்த பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லும்வரை முதல் சொல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது என்று பொருள்!

அந்த இரவுகளில் பிறந்த சூத்திரம் மிக எளியது. எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உட்கவர் பரப்பு. ஒலி 60 டெசிபல் குறைய, அதாவது அதன் வீச்சு ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். திறந்த சன்னல் வழியே போன ஒலி திரும்பி வராதல்லவா? அதனால் ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் ஒரு முழு அலகு. பூசிய சுவர் அதில் நூற்றில் இரண்டு, மூன்று பங்குதான் உட்கவரும். இந்தக் கணக்கைப் பின்னால் நம் ஊர் மண்டபம் ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம்.

இப்போது ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போவோம். அங்கே பாடகரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் இருக்கிறது. வெளிச் சத்தமும் ஒரு வாத்தியத்தின் ஒலி மற்றொன்றின் மைக்கில் புகுவதும் கூடாதென்று சுவர்களைப் பஞ்சும் துணியும் கொண்டு மூடியிருக்கிறார்கள். அப்படிப் பதிவான குரலை எந்தச் சேர்ப்பும் இல்லாமல் கேட்டால் பாடகர் நம் காதுக்குள் வாய் வைத்துப் பாடுவதுபோல் வறண்டு ஒலிக்கும். எந்த மனிதரும் எந்தக் கச்சேரியிலும் எந்தப் பாடகரையும் அப்படிக் கேட்டதில்லை. ஆகவே இயற்கைக்கு மாறானது எது? அறையைப் பிடுங்கி எறிந்தது மைக். பிடுங்கியதை ஓரளவு திருப்பிக் கொடுப்பது எதிர்முழக்கம். என் நண்பரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

திருப்பிக் கொடுக்க மனிதர்கள் பட்ட பாடு சுவையான கதை. லண்டனில் 1931 இல் திறந்த அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் இதற்கென்றே ஒரு வெற்று அறை உண்டு. ஒரு பக்கம் ஒலிபெருக்கி, மறுபக்கம் மைக். நடுவில் ஒலியைச் சிதறடிக்க வழவழப்பான வடிகால் குழாய்களை நிறுத்தி வைத்தார்கள். பதிவான பாட்டை அறைக்குள் ஒலிக்கவிட்டு, அங்கே எழும் முழக்கத்தை மைக்கில் பிடித்து, வேண்டிய அளவு மூலத்தோடு கலந்துகொள்வார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் பில் புட்னம் என்ற ஒலிப்பொறியாளரிடம் அப்படி அறை இல்லை. 1947 இல் ஹார்மோனிகேட்ஸ் என்ற மவுத் ஆர்கன் குழுவின் இசைத்தட்டுக்காக, கூடத்துக் குளியலறையிலேயே ஒலிபெருக்கியையும் மைக்கையும் கொண்டுபோய் வைத்துவிட்டார். இசைத்தட்டு அமோகமாக விற்றது. குளியலறையில் பாடும்போது மட்டும் நம் குரல் நமக்கே பிடித்துப்போவதன் காரணம்தான் அங்கேயும் வேலை செய்தது. ஹாலிவுட்டில் 1956 இல் எழுந்த கேபிடல் நிறுவனத்தின் வட்டக் கோபுரத்துக்கு அடியிலும், தரைக்கு ஏறத்தாழ 30 அடி கீழே, இதற்கென்று கான்கிரீட் அறைகள் கட்டினார்கள்.

எல்லோராலும் அறை கட்ட முடியுமா? 1957 இல் ஜெர்மனியில் ஈ.எம்.டி. நிறுவனம் அறைக்குப் பதிலாக ஓர் எஃகுத் தகட்டைத் தந்தது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம், அரை மில்லிமீட்டர் கனம். அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒரு புள்ளியில் மின்சாரத்தால் அதிரச் செய்து, வேறு புள்ளிகளில் அதிர்வை வாங்கினார்கள். தகட்டின் ஓரங்களே இங்கே சுவர்கள். காற்றில் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் செல்கின்றன. தகடு வளைந்து அதிரும்போதோ உயர் அதிர்வெண்கள் முந்திக்கொள்கின்றன. ஆகவே தகட்டின் முழக்கத்தில் எந்த அறையிலும் இல்லாத ஒரு மினுமினுப்பு இருக்கும். அறையைப் போலி செய்யப் போய், புதிய வாத்தியம் ஒன்றே கிடைத்துவிட்டது எனலாம். இதைவிடச் சிறியது சுருள்வில். தொலைபேசிக் கம்பியில் ஏற்படும் தாமதத்தை ஆய்வகத்தில் காட்ட பெல் நிறுவனத்தார் பயன்படுத்திய சுருள்வில்லை, 1930களின் இறுதியில் லாரன்ஸ் ஹேமண்ட் தம்முடைய மின் ஆர்கனில் பொருத்தினார். தேவாலயத்து ஆர்கனின் முழக்கத்தை வீட்டுக் கூடத்தில் கேட்க விரும்பியவர்களுக்காக! பின்னாளில் கிதார்க்காரர்களின் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளும் அது புகுந்தது. அந்தப் பெட்டியைத் தவறிப்போய் உதைத்தால் இடி இடித்ததுபோல் ஓசை வரும்.

தகடும் வில்லும் போக, வெறும் எண்களாலேயே முழக்கத்தை உண்டாக்கலாம் என்று 1961, 1962 ஆண்டுகளில் காட்டியவர் பெல் ஆய்வகத்தின் மேன்ஃபிரெட் ஷ்ரோடர். உங்கள் கணக்குப் புத்தகம் இங்கே உதவிக்கு வருகிறது. ஒலியை 50 மில்லி விநாடி காக்க வைத்து, சற்றுக் குறைத்து, மீண்டும் உள்ளே அனுப்பும் ஒரு சுற்றை எண்ணிக்கொள்ளுங்கள். 2 விநாடியில் 40 சுற்று. அதற்குள் 60 டெசிபல் குறையவேண்டுமானால் சுற்றுக்கு 1.5 டெசிபல், அதாவது ஒவ்வொரு முறையும் 0.841 ஆல் பெருக்கவேண்டும். பெருக்குத் தொடர்தான்! ஆனால் இந்த ஒரு சுற்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 20 பிரதிகளே வரும். தகரத்தைத் தட்டியதுபோல் கேட்கும். உண்மை அறைபோல் ஒலிக்க விநாடிக்கு ஆயிரம் பிரதிகள் வேண்டும் என்றார் ஷ்ரோடர். எனவே பல சுற்றுகளை ஒன்றாக ஓடவிட்டார். அவற்றின் தாமதங்கள் பொதுக் காரணி இல்லாத எண்களாக இருக்கவேண்டும். ஏன்? 30, 40 மில்லி விநாடிச் சுற்றுகள் இரண்டு ஓடினால் 120 ஆவது மில்லி விநாடியிலேயே இரண்டின் பிரதிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். 29, 41 என்று எடுத்தால் 1189 ஆவதில்தான் சந்திக்கும். மீச்சிறு பொது மடங்கு எதற்குப் பயன்படும் என்று இனி யாரும் கேட்கவேண்டாம்.

அடுத்து வந்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இஸ்தான்புல் நகரில் 537 இல் கட்டி முடித்த ஹாகியா சோபியா என்ற மாபெரும் ஆலயம் உண்டு. அங்கே எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 11 விநாடி. ஒரு காலத்தில் அங்கே பாடிய பைசாந்தியப் பாடல்கள் அந்த முழக்கத்தை மனத்தில் கொண்டே அமைந்தவை. கட்டடம் அருங்காட்சியகமாக இருந்த காலத்தில் உள்ளே பாட அனுமதி இல்லை. 2010 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே சில பலூன்களை உடைத்து, அந்த 'டப்' ஒலி எவ்வாறு தேய்கிறது என்பதை மட்டும் பதிவு செய்துகொண்டு வந்தார்கள்.

பலூன் ஒலி மிகக் குறுகிய ஒரு துடிப்பு. அதன் வாலில் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு தூணும் மாடமும் தம் கையெழுத்தைப் போட்டிருக்கின்றன. பாடலைக் கணினி விநாடிக்குப் பல்லாயிரம் மிகச் சிறு துடிப்புகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் அளவுக்கேற்ப பலூனின் வாலை ஒட்டி, எல்லாவற்றையும் கூட்டுகிறது. விடை, அந்த ஆலயத்துள் பாடிய பாடல்! அமெரிக்காவில் நின்று பாடிய கப்பெல்லா ரோமானா குழுவின் குரல்கள் இவ்வாறு ஹாகியா சோபியாவுக்குள் ஒலித்தன. 2019 இல் இசைத்தட்டாகவும் வந்தன. யாரை யார் ஏமாற்றினார்கள்? உள்ளே நின்று பாட முடியாத இடத்தின் ஒலியை இயற்பியல் மீட்டுக் கொடுத்திருக்கிறது. இதைச் சொன்னதும் என் தமிழ் நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "அது சரி, சினிமாப் பாட்டுக்கு இது பொருந்தாது" என்றார். அவர் அப்படித்தான்.

இனி என் புகாருக்கு வருகிறேன். இதில் குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்கிடையேயான பேச்சுப் போட்டி ஒன்றுக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். புதிதாகக் கட்டிய மண்டபம். வழவழப்பான தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை. காலை பத்து மணி, கூட்டம் சேரவில்லை. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வானியல் பற்றிப் பேசினாள். மைக்கில் எக்கோவைத் தாராளமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்று தடவை உருண்டது. வேகமாகப் பேசும் பெண் அவள். எனக்குப் பாதி புரியவில்லை. 'உச்சரிப்புத் தெளிவு' என்ற கட்டத்தில் பத்துக்கு நான்கு போட்டேன். அவளுக்குப் பரிசு இல்லை. பிற்பகலில் தாழ்வாரத்தில் அதே பேச்சைத் தன் தோழிக்குச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். லகர ளகர வேறுபாடு கூடப் பிசகாத, மணி மணியான உச்சரிப்பு! நான் மதிப்பெண் போட்டது அவளுக்கு அன்று, அந்த மண்டபத்துக்கும் ஒரு குமிழுக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. இருபது ஆண்டு ஒலியியல் பாடம் நடத்தியவன் நான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மண்டபம் 20 மீட்டர் நீளம், 10 அகலம், 6 உயரம் என்று கொள்வோம். கன அளவு 1200 கன மீட்டர். ஆறு பக்கங்களின் பரப்பு 760 சதுர மீட்டர். அதில் 30 சதுர மீட்டர் திறந்த சன்னல். மீதி 730 சதுர மீட்டரை நூற்றுக்கு மூன்று என்று எடுத்தால் 22. ஆக மொத்தம் 52. உட்கார்ந்திருக்கும் ஒருவர் சராசரியாக 0.4 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை விழுங்குவதாகக் கொண்டால் நாற்பது பேருக்கு 16, கூட்டினால் 68. சபைன் சூத்திரத்தில் போடுங்கள்: எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 2.8 விநாடி. இருநூறு பேர் நிறைந்திருந்தால் இது 1.5 விநாடியாக இறங்கியிருக்கும். மாலையில் பேசிய சிறப்பு விருந்தினரின் பேச்சு மட்டும் புரிந்த மர்மம் இதுதான். கூட்டம் அவருக்குப் பஞ்சு மெத்தையாக உதவியது.

நாம் சாதாரணமாக விநாடிக்கு நாலைந்து அசைகள் பேசுகிறோம், அசைக்கு 0.2 விநாடி. 2.8 விநாடி முழக்கமுள்ள மண்டபத்தில் 0.2 விநாடிக்குள் ஒலி குறைவது நான்கு டெசிபல் சொச்சமே. அடுத்த அசை வாயிலிருந்து வரும்போது முந்திய அசையின் வீச்சு இன்னும் 61 சதவீதம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். முழக்க நேரம் 1 விநாடியாக இருந்தால் இது 25 சதவீதமாகிவிடும். உயிரெழுத்துகள் வலியவை, நீண்டு ஒலிப்பவை. மெய்யெழுத்துகள் மெலியவை, சட்டென்று மறைபவை. முன்வந்த உயிரின் வால் பின்வரும் மெய்யை மூடிவிடுகிறது. பத்து, பட்டு, பற்று என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். முதலும் முடிவும் ஒன்றே. நடுவிலுள்ள மெய்தான் பொருளைத் தாங்குகிறது. அது போனால் எல்லாம் போயிற்று.

இந்த நிலையில் மைக்செட்டின் எக்கோ என்ன செய்கிறது? ஏற்கெனவே முழங்கும் மண்டபத்துக்குள், முன்பே முழங்கிவிட்ட குரலை அனுப்புகிறது. பல கருவிகளில் அது தேயும் வால் கூட அன்று. சுமார் கால் விநாடி கழித்து அதே அசையை மறுபடி உரக்கச் சொல்லும் தனித்தனிப் பிரதி. ஒலிப்பதிவுக் கூடத்தில் அறை இல்லை, ஆகவே அறையைச் சேர்த்தார்கள். மண்டபத்தில் அறை தேவைக்கு மேல் இருக்கிறது! பாடுவதற்கு வால் வேண்டும். சுரத்தோடு சுரம் இழைகிறது. 1900 இல் சபைனின் கணக்கைக் கொண்டு கட்டிய பாஸ்டன் சிம்பனி அரங்கில் கூட்டம் நிறைந்திருக்கும்போதும் ஏறத்தாழ இரண்டு விநாடி முழக்கம் உண்டு. உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்று அது. பேச்சுக்கோ ஒரு விநாடிக்குக் குறைவாக இருப்பதே நல்லது. திறந்த மைதானத்தில் பாட்டுக்கு ஓரளவு எக்கோ வைத்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அங்கே சுவரே கிடையாது.

"கம்பீரமாக இருக்கிறது" என்பார்கள். இருக்கலாம். கோயில் மண்டபத்திலும் குகையிலும் குரல் அப்படி முழங்கக் கேட்டுப் பழகியதால், முழக்கம் என்றாலே பெரிய இடம், பெரிய மனிதர் என்று நம் மனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் மேடையில் ஏறும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குக் கம்பீரம் வேண்டியதில்லை. அவள் சொல்லும் சொல் கடைசி வரிசைக்குப் புரிந்தால் போதும். ஆண்டு முழுதும் தயார் செய்து மூன்று நிமிடம் பேசவருகிறவளிடமிருந்து அந்த மூன்று நிமிடத்தைப் பறிக்க ஒலிபெருக்கி அமைத்தவருக்கோ தலைமை தாங்குபவருக்கோ உரிமை இல்லை. வகுப்பறையில் காது சற்று மந்தமான நண்பர் இருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள். இத்தகைய மண்டபங்கள் அவருக்கு எவ்வளவு தொல்லை என்று சொல்வார்.

உங்கள் பள்ளி மண்டபத்தை நீங்களே சோதிக்கலாம். ஆசிரியரின் அனுமதியோடு, வெறும் மண்டபத்தில் ஒரு பலூனை உடையுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, ஒலி எத்தனை விநாடியில் தேய்கிறது என்று பாருங்கள். பிறகு எல்லா வகுப்பும் கூடியிருக்கும் நாளில் இன்னொன்று. இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த விழாவுக்கு மைக்செட் கட்ட வருபவருக்கும் காட்டுங்கள். அவரைக் குறை சொல்லும் தொனி வேண்டாம். ஒலியைப் பற்றி நம்மைவிட நிறையக் கேட்டறிந்த காது அவருடையது.

சென்ற ஆண்டு மறுபடி நடுவராகப் போனபோது, போட்டி தொடங்குமுன் நான் நேரே மைக்செட்காரரிடம் போனேன். "எக்கோவைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள்" என்றேன். "எடுத்தா சவுண்டே நல்லா இல்லைன்னு செட்டுக்குக் காசு குறைப்பாங்க சார்" என்றார். நியாயமான கவலைதான். ஒன்று செய்தோம். கடவுள் வாழ்த்துப் பாடிய பெண்களுக்கு எக்கோ இருந்தது, இனிமையாகவும் இருந்தது. பேச்சு தொடங்கியதும் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். நான்காவது பேச்சாளர் முடிக்கும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய உதவியாளப் பையன் ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தலைவர் பேச எழுந்தபோது மட்டும், "இவருக்குக் கொஞ்சமாவது வெச்சாகணும் சார்" என்று சொல்லிக்கொண்டே குமிழின் மேல் கை வைத்தார்.